ஹேண்டில்பார் பற்றிக் கேட்டாயே

சித்தூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய இரண்டு சைக்கிள் படங்களும் வந்தன. ஒன்று கீழே வளைந்த ட்ராப், இன்னொன்று நேர் ஹேண்டில்பார். கீழே ஒரே வரி: "திருமலை ஏறணும் மாமா, எது வாங்கட்டும்?" போனில் பதில் சொன்னால் "சரி சரி" என்று வைத்துவிடுவாய். பிறகு கடைக்காரர் வேறொன்று சொன்னால் அதுவும் சரியாகிவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். ஏர்ப்பேட்டில் பொறியியல் படிக்கிறவள், பயப்படமாட்டாய்.

உன் கேள்வியில் மலை நடுநாயகமாக நிற்கிறது. அதை அங்கிருந்து நகர்த்துவதுதான் என் முதல் வேலை. மலை ஏறுவதற்கு எந்த ஹேண்டில்பாரும் ஒன்றுதான். இதைச் சும்மா சொல்லவில்லை, போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

திருப்பதி ஊர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 160 மீட்டர். திருமலை 850 மீட்டரை ஒட்டி. ஏறும் சாலை 18 கி.மீ. அளவு. ஆக, சராசரியாக நூறு மீட்டர் போனால் நான்கு மீட்டர் உயர்கிறாய். நீயும் வண்டியும் தண்ணீர்ப் பாட்டில்களும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம் (கூட்டித்தான் போட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே). மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஏறினால், உடம்பையும் வண்டியையும் மேலே தூக்கவே 105 வாட் போய்விடும். டயர் உருள 16 வாட். காற்றைத் தள்ளுவதற்கு? நேர் ஹேண்டில்பாரில் நிமிர்ந்து உட்கார்ந்தால் 11 வாட், ட்ராப்பில் குனிந்தால் 8. வித்தியாசம் வெறும் மூன்று வாட். ஒன்றரை மணி நேர ஏற்றத்தில் இது உனக்கு மிச்சம் பிடித்துத் தருவது இரண்டே நிமிடம். பையிலிருந்து ஒரு தடிமனான பாடப்புத்தகத்தை எடுத்து விடுதியிலேயே வைத்துவிட்டுப் போனால் அதில் பாதி கிடைத்துவிடும்.

இப்போது அதே கால்களை, அதே 130 வாட்டை, ரேணிகுண்டா பக்கத்துச் சமவெளிக்குக் கொண்டுவா. நிமிர்ந்த வாக்கில் மணிக்கு 25 கி.மீ. போவாய். அங்கே தூக்கும் வேலை இல்லை. டயருக்கு 33 வாட் போக, மீதி 96 வாட்டும் காற்றுக்கே. கையை ட்ராப்பில் வைத்து முதுகைத் தாழ்த்தினால் காற்று கேட்பது 69 வாட்தான். மிச்சமான சக்தியையும் பெடலில் போட்டால் வேகம் இருபத்தேழரையைத் தொடும். நீ ஏர்ப்பேட்டிலிருந்து வீட்டுக்கு வர ஏறக்குறைய 90 கி.மீ. அந்தத் தூரத்தில் இருபது நிமிடம் குறையும். எதிர்க்காற்று அடித்தால் இன்னும் கூடும், ஏனென்றால் காற்று கேட்கும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது.

இதை உலகமே பார்த்த நாள் ஒன்று உண்டு. 1989 ஜூலை 23, டூர் டி பிரான்ஸ் போட்டியின் கடைசி நாள். மூன்று வாரம் பிரனீஸ், ஆல்ப்ஸ் மலைகளில் ஏறி இறங்கியும் கிரெக் லெமாண்டுக்கும் லாரன் ஃபின்யானுக்கும் இடையே வழக்குத் தீரவில்லை. அன்று காலை லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்தார். மிச்சம் இருந்தது வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கி.மீ. தனியோட்டம். லெமாண்ட் தன் ஹேண்டில்பாரின் முன்னால் முழங்கைகளைச் சாய்த்துக் கைகளை ஒன்றாக நீட்டிவைக்கும்படி ஒரு நீட்சியைப் பொருத்தியிருந்தார். ஃபின்யான் அப்படி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, தலையில் ஹெல்மெட்கூட இல்லை, குதிரைவால் முடி காற்றில் ஆட வந்தார். லெமாண்ட் 58 விநாடி முன்னதாக முடித்து, மொத்தத்தில் எட்டு விநாடியில் பட்டம் வாங்கினார். கால் பலமும் அன்றைய உடல்நிலையும் இதில் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் மலைகளில் தீராதது சமவெளியில் தீர்ந்தது என்பதைக் கவனி.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்டுக்கொள்: வருடம் முழுக்க உன் சக்கரம் எந்தச் சாலையில் உருளப் போகிறது? திருமலைக்கு நீ வருடத்தில் சில நாள் ஏறுவாய். ஆசை முதல் மாதத்தில் இருக்கிற அளவே கடைசிவரை இருந்தாலும் அப்படித்தான். மற்ற நாளெல்லாம் ஏர்ப்பேடு, ரேணிகுண்டா, காளஹஸ்தி. மாதம் ஒருமுறை சைக்கிளிலேயே வீட்டுக்கு வருவேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாயாம். (அக்கா அதைச் சொன்ன தொனியை இங்கே எழுதவில்லை.) திருப்பதியிலிருந்து சித்தூர் 70 கி.மீ. அகலமான ஆறுவழிச் சாலை, நிழல் கிடையாது. தட்டைபோலத் தெரியும், ஆனால் சித்தூர் திருப்பதியைவிட நூற்றைம்பது மீட்டருக்கு மேல் உயரம். கண்ணுக்குத் தெரியாத ஏற்றம் அது, முழங்காலுக்குத்தான் தெரியும். ஆடி மாதத்தில் மேல்காற்று நேர் எதிரே வரும். அந்தக் காற்றில் நிமிர்ந்து உட்கார்ந்து பாகாலா பக்கம் வருகிறவனுக்குத்தான் ட்ராப் எதற்கு என்று புரியும். திரும்பிப் போகும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும், அப்போது எந்த ஹேண்டில்பாரானாலும் நீ கெட்டிக்காரிதான்.

வேகத்தைவிடக் கையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. எழுந்து நின்று கைகளைத் தொங்கவிட்டுப் பார். உள்ளங்கைகள் தொடையைப் பார்த்திருக்கும். அதுதான் மணிக்கட்டின் இயல்பான நிலை. நேர் ஹேண்டில்பாரைப் பிடிக்க அதைத் திருப்பித் தரையைப் பார்க்க வைக்கிறாய். அரைமணி நேரம் தெரியாது. மூன்றாவது மணி நேரத்தில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகும். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து மேட்டில் ஓடும் அல்நார் நரம்பு நசுங்குவதால் வருவது இது. கையை உதறினால் சரியாகிவிடும் என்று விட்டவர்களில் சிலருக்கு வாரக்கணக்கில் சட்டைப் பொத்தான் போடவே கஷ்டமாக இருந்திருக்கிறது. ட்ராப்பில் கை வைக்க மூன்று இடம் உண்டு: மேலே குறுக்குக் குழாய், இருபுறமும் ப்ரேக் பிடியின் தலை, கீழே வளைவு. ப்ரேக் தலையில் கை வைத்தால் உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும், மணிக்கட்டு இயல்பாக இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றினால் எந்த நரம்பும் நீண்டநேரம் நசுங்காது. என்னைக் கேட்டால் ட்ராப்பின் உண்மையான சிறப்பு இதுதான், குனிவது அடுத்தபடி. நேர் ஹேண்டில்பாரின் இரு நுனியிலும் சின்னக் கொம்பு மாட்டிக்கொண்டால் இரண்டாவது பிடி ஒன்று கிடைக்கும். விலையும் குறைவு. ஆனால் கை கொம்பில் இருக்கும்போது ப்ரேக் எட்டாது, அதை மறக்காதே. ட்ராப்பின் குறுக்குக் குழாயில் கை இருக்கும்போதும் அதே கதைதான்.

நேர் ஹேண்டில்பாருக்காகவும் ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன். அது ஏழை வீட்டுப் பிள்ளை இல்லை. 1949-இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கியதிலிருந்து நம் பக்கத்து வீடுகளில் புழங்கிய ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ வண்டிகளில் ட்ராப் அபூர்வம். பால்காரருக்கும் தபால்காரருக்கும் வாத்தியாருக்கும் வேண்டியது நிமிர்ந்த முதுகு, நான்கு பக்கமும் பார்க்கிற கண், நொடியில் எட்டுகிற ப்ரேக். இன்றைக்கும் திருப்பதியில் லீலா மஹால் சந்திப்பிலோ கோவிந்தராஜர் கோவில் சன்னதித் தெருவிலோ சைக்கிள் ஓட்டினால் உனக்கும் அதுதான் வேண்டியிருக்கும். ஆட்டோ எந்தப் பக்கம் வெட்டும் என்று ஆட்டோக்காரருக்கே தெரியாது. மொட்டையடித்த குடும்பம் லட்டுப் பையோடு நடுத்தெருவில் நின்று ஜீப்புக்குக் கையாட்டும். அங்கே அகலமான நேர் ஹேண்டில்பார், விரல் எப்போதும் ப்ரேக்கின் மேல், தலை உயர. அதற்கு நிகரில்லை. உன் வண்டி ஊருக்குள்ளேயே சுற்றப்போகிற வண்டி என்றால் இந்தக் கடிதத்தை இங்கேயே முடித்து, இரண்டாவது படத்தை வாங்கு என்று எழுதியிருப்பேன்.

மலை விஷயத்திலும் நேர் ஹேண்டில்பாருக்குச் சாதகமான பாதி உண்டு. அது இறக்கம். நீ ஏறுவதைப் பற்றி மட்டுமே கேட்டாய். இறங்குவதைப் பற்றிக் கேட்கவேயில்லை. சைக்கிள் வாங்குகிற பிள்ளைகள் யாரும் கேட்பதில்லை.

திருமலைக்கு இரண்டு சாலை. பழையது 1944-இல் திறந்தது. விஸ்வேஸ்வரய்யாவின் யோசனையைக் கேட்டுத் திட்டமிட்டது. இரண்டாவது 1974-இல் வந்தது. இப்போது புதியதில் ஏற்றம், பழையதில் இறக்கம். அந்தப் பழைய சாலையில் கொண்டையூசி வளைவுகள் 36 என்பது டிரைவர்களின் கணக்கு. 80 கிலோவை 690 மீட்டர் கீழே இறக்கும்போது வெளியாகும் ஆற்றல், அறை வெப்பத்தில் இருக்கும் இரண்டு லிட்டர் தண்ணீரை ஏறக்குறையக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மெதுவாக இறங்க இறங்க அவற்றின் பங்கு குறைந்து, மீதி முழுக்க உன் ப்ரேக்கில் சூடாகிறது. ரிம்மைப் பிடிக்கும் பழைய வகை ப்ரேக் என்றால் அந்தச் சூடு ரிம்முக்குப் போய் ட்யூபைப் பதம்பார்க்கும். அதனால் எந்த ஹேண்டில்பாரானாலும் டிஸ்க் ப்ரேக் உள்ள வண்டியாக வாங்கு. பணம் இடித்தால் கியரில் ஒருபடி குறைத்துக்கொள், ப்ரேக்கில் குறைக்காதே.

ட்ராப்பில் இறங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ரகசியம் ஒன்று உண்டு. ப்ரேக் தலையில் கைவைத்து அழுத்தும்போது நெம்புகோலின் கீல் பக்கத்திலேயே விரல் இருக்கிறது. பலம் நிறையக் கேட்கும். பத்தாவது வளைவுக்குள் விரல் சோர்ந்துபோகும். கீழ்வளைவைப் பிடித்து அழுத்தினால் விரல் நெம்புகோலின் நுனிக்குப் போகிறது. பாதி பலத்தில் வண்டி நிற்கும், உடம்பின் எடையும் தாழ்ந்து உட்காரும். புதிதாக ட்ராப் வாங்கியவர்கள் கீழ்வளைவை வேகத்துக்கான இடம் என்று நினைத்து, இறக்கத்தில் பயந்து மேலே பிடித்துக்கொள்கிறார்கள். நேர்மாறாகச் செய்யவேண்டும். பயம் வரும்போதுதான் கை கீழே போகவேண்டும். இது புத்தியில் ஏறுவதற்கு ஒரு நிமிடம் போதும், கைக்குப் பழகச் சில வாரம் ஆகும். நேர் ஹேண்டில்பாரில் இந்தத் தொல்லையே இல்லை. விரல் எப்போதும் நெம்புகோலின் நுனியில்தான்.

ப்ரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வராதே. வளைவுக்கு முன் இரண்டையும் அழுத்தி வேகத்தைக் கொன்று, விட்டுவிட்டு, திரும்பு. முன் ப்ரேக் எந்தக் கையில் இருக்கிறது என்று கடையிலேயே பார்த்துக்கொள். நம் நாட்டு ஸ்கூட்டர், பைக் எல்லாவற்றிலும் வலதுகையில் முன் ப்ரேக். சில இறக்குமதி சைக்கிளில் இடதுகையில் வரும். உன் அப்பாவின் ஸ்கூட்டரும் உன் சைக்கிளும் ஒரே பக்கம் இருந்தால்தான் அவசரத்தில் கை குழம்பாது. மாற்றித்தரச் சொல்லு, எந்த மெக்கானிக்கும் செய்வார்.

ஏழாவது மைல் ஆஞ்சநேயர் சிலைப் பக்கம் வேகம் எடுக்கவே கூடாது. அடிவாரத்து அலிபிரியிலிருந்து படியேறி வருகிற பக்தர்கள் அங்கே தார்ச்சாலையை ஒட்டி நடந்து, மோகாளி மிட்டவில் திரும்பவும் படிக்குப் போகிறார்கள். ராமானுஜர் மலையைக் காலால் மிதிக்க மனமில்லாமல் முழங்காலால் ஏறினார் என்று சொல்லும் இடம் அது. அங்கே ஒரு பாட்டி மஞ்சள் துண்டோடு மூச்சுவாங்க நிற்கும்போது பக்கத்தில் சீறிக்கொண்டு போகிறவளாக நீ இருக்கக்கூடாது. புரட்டாசியில் சாலையெல்லாம் இதே கதைதான். திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகக் கூட்டம் கூட்டமாக இரவிலும் விடியலிலும் நடந்து வருவார்கள். அந்த மாதம் மட்டும் குனிந்து ஓட்டுவதை மறந்துவிடு. ட்ராப்பின் மேல் குழாயைப் பிடித்து நிமிர்ந்து வா, ப்ரேக்குக்குக் கை போகிற நேரத்தைக் கணக்கில் வைத்து இன்னும் மெதுவாக.

அலிபிரிச் சாவடியில் காவலர் சொல்வதே சட்டம். 2023 ஆகஸ்டில் நடைபாதையில் சிறுத்தை ஒரு சிறுமியைக் கொன்ற பிறகு, மாலை ஆறிலிருந்து காலை ஆறுவரை இருசக்கர வண்டிகளை மலைச்சாலையில் விடுவதை நிறுத்தினார்கள். அதன் பிறகு நேரம் அவ்வப்போது மாறுகிறது. இன்று சைக்கிளை விடமாட்டோம் என்றால் வாதாடாமல் திரும்பிவிடு. வண்டியைக் கீழே பூட்டிவிட்டுப் படியேறினாலும் பெருமாள் ஒன்றும் சொல்லமாட்டார்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் தீர்ப்பு: முதல் படம். ட்ராப். மலைக்காக அல்ல, மலைக்கும் வீட்டுக்கும் இடையில் கிடக்கிற வெயில் காய்ந்த சாலைக்காக.

ஒரு குறுக்குவழி உன் மூளையில் ஓடும். எனக்குத் தெரியும், நீ அக்காவின் மகள். "இப்போது விலை குறைந்த நேர் ஹேண்டில்பார் வண்டி, அடுத்த வருடம் ட்ராப் மாட்டிக்கொள்ளலாம்." செய்யாதே. ஹேண்டில்பார் தனியாக வருவதில்லை, பின்னாலேயே ஒரு குடும்பம் வரும். நேர் ஹேண்டில்பாரில் பிடிக்கும் இடத்தின் குழாய் 22.2 மி.மீ., ட்ராப்பில் 23.8. பழைய ப்ரேக் கைப்பிடியும் கியர் மாற்றியும் அதில் ஏறாது. ப்ரேக்கும் கியரும் ஒரே பிடியில் சேர்ந்த புதிய ஜோடி வாங்கவேண்டும், ட்ராப் வண்டியின் கூடுதல் விலையில் பெரும்பங்கு அதற்குத்தான் போகிறது. வி-ப்ரேக் உள்ள வண்டியானால் அதன் கம்பியை நீளமாக இழுக்கவேண்டும். ட்ராப் பிடி குட்டையாகத்தான் இழுக்கும், ப்ரேக் பஞ்சு மாதிரி ஆகிவிடும். மலையிறக்கத்தில் பஞ்சு ப்ரேக் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஃபிரேம். நேர் ஹேண்டில்பாருக்கான ஃபிரேமில் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரம் அதிகம். அதன்மேல் ட்ராப்பை மாட்டினால் ப்ரேக் தலை இன்னும் எட்டுப் பத்து சென்டிமீட்டர் முன்னால் போய்விடும். நீ அதன்மேல் படுத்துக்கொண்டுதான் ஓட்டவேண்டும், கழுத்து ஒரு மாதத்தில் பதில் சொல்லும். மாற்றுவதற்கு ஆகும் செலவில் வேறு வண்டியே வாங்கிவிடலாம்.

உன்னைப் போல உயரம் குறைந்தவர்களுக்குக் கடையில் நடக்கிற அநியாயம் ஒன்று இருக்கிறது. கையிருப்பில் இருக்கிற பெரிய அளவு வண்டியைக் கொடுத்து, சீட்டை இறக்கி, "பாருங்க மேடம், கால் எட்டுது" என்பார்கள். கால் எட்டுவது பெரிதல்ல, கை எட்டவேண்டும். ப்ரேக் தலையைப் பிடித்து உட்கார்ந்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்கவேண்டும், விறைத்து நிற்கக்கூடாது. ஹேண்டில்பார் அகலம் உன் தோள் அகலத்துக்கு, 38 அல்லது 40 செ.மீ. சின்ன ஃபிரேமிலும் 42 மாட்டி விற்பார்கள், மாற்றித்தரச் சொல். முன்பக்க நீட்சியும் கீழ்வளைவின் ஆழமும் குறைவாக உள்ள வகை கேள், 75 மி.மீ. நீட்சி, 125 மி.மீ. ஆழம் போதும். ஆழமான வளைவு படத்தில் அழகாக இருக்கும், ஆனால் எட்டாத வளைவைப் பிடிக்கவே மாட்டாய், பிடிக்காத வளைவு இறக்கத்தில் உதவாது. ப்ரேக் பிடியைக் கைக்குப் பக்கத்தில் கொண்டுவர உள்ளே ஒரு சின்னத் திருகு இருக்கும். உன் விரலுக்கு ஏற்ப அதைத் திருகி வைக்கச் சொல். பெடலைக் கிடையாக வைத்து முன் சக்கரத்தைத் திருப்பிப் பார். சின்ன ஃபிரேமில் செருப்பின் நுனி டயரில் இடிக்கும். கொண்டையூசி வளைவில் மெதுவாகத் திரும்பும்போது அப்படி இடித்தால் விழவேண்டியதுதான். கொஞ்சம் இடித்தால் பழகிக்கொள்ளலாம், நிறைய இடித்தால் வேறு வண்டி பார்.

கியரைப் பொறுத்தவரை முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 32 அல்லது 34 இருக்கட்டும். நூற்றுக்கு நான்கு என்பது கொடூரமான ஏற்றமில்லை, நீளமான ஏற்றம். மூச்சு வாங்காமல் சுற்றிக்கொண்டே போகவேண்டும். இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. யாராவது பழைய விலைப்பட்டியலை எடுத்து நீட்டினால் சிரித்துக்கொண்டே கேள்.

நீ பிரெவே என்கிற நெடுந்தூர ஓட்டம் பற்றியும் ஒருமுறை சொன்னாய். 200 கி.மீ., பதின்மூன்றரை மணி நேரத்துக்குள். 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. முடித்தவர் எல்லோரும் ஒன்றுதான், முதலிடம் இரண்டாமிடம் கிடையாது. எந்த ஹேண்டில்பார் என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். நேர் ஹேண்டில்பாரில் 600 முடித்தவர்கள் உண்டு. இந்த வகை ஓட்டங்களுக்கெல்லாம் மூத்தது பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ், 1891-இல் தொடங்கியது, 1200 கி.மீ. அடுத்தது 2027-இல். அதற்குள் போய்விடுவேன் என்று மட்டும் சொல்லாதே, முதலில் சித்தூர் வந்து சேர்.

போட்டிக்காரர்களுக்குத்தான் விதிமுறைகள் அதிகம். மேல்குழாயில் உட்கார்ந்து நெஞ்சை ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டு இறங்குகிற வித்தையைச் சர்வதேச சைக்கிள் சங்கம் 2021 ஏப்ரலில் தடைசெய்தது. குறுகலான ஹேண்டில்பார் மோகம் தலைக்கேறிப்போய், கூட்டமாக ஓடும் சாலைப் போட்டிகளில் 2026 முதல் வெளியளவு 400 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்று சொல்லவேண்டி வந்துவிட்டது. நீ 38 போட்டால் யாரும் உன்னைப் பிடிக்கமாட்டார்கள், அது உன் தோளின் அளவு. ஆனால் அந்த இறக்க வித்தை வீடியோக்களை நீ பார்ப்பாய் என்று தெரியும். பார், செய்யாதே. அவர்களுக்காகச் சாலையை மூடியிருப்பார்கள். உனக்கு எதிரே வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்பது மலைச்சரிவிலிருந்து இறங்கிய மானாக இருக்கலாம், பழுதாகி நிற்கிற வேனாகவும் இருக்கலாம்.

வண்டி வந்ததும் நேரே அலிபிரிக்கு ஓடாதே. முதல் இரண்டு வாரம் வளாகச் சாலையிலேயே, கீழ்வளைவைப் பிடித்து ஒரு கோட்டுக்குள் நிறுத்திப் பழகு, காய்ந்த தரையில் ஒருநாள், மழை பெய்த மறுநாள் ஒருமுறை. பிறகு சந்திரகிரி, சீனிவாச மங்காபுரம், கல்யாணி அணைப் பக்கம். விடியற்காலையில் வண்டிகள் குறைவு, சின்னச் சின்ன மேடுபள்ளம் இருக்கிறது. மதனப்பள்ளி சாலையில் பாக்கராப்பேட்டைக் கணவாயை மட்டும் தனியாக முயற்சிக்காதே. லாரிகள் ஒதுங்க இடமில்லாத சாலை அது. 2022 மார்ச்சில் நிச்சயதார்த்தத்துக்குப் போன பேருந்து அங்கேதான் பள்ளத்தில் விழுந்தது. மலைமேல் ஆசை அடங்கவில்லை என்றால், திருமலைக்கு அப்புறம் ஒரு குளிர்காலத்தில் ஹார்ஸ்லி ஹில்ஸ் இருக்கிறது, 1,265 மீட்டர். என் வண்டியில் நானும் வருகிறேன். நேர் ஹேண்டில்பார்தான், என் முதுகுக்கு அதுதான் ஒத்துவருகிறது. உனக்கு முன்னால் மேலே போய்விடமாட்டேன், கவலைப்படாதே.

உன் அப்பாவிடம் பணம் பற்றி நான் பேசிக்கொள்கிறேன். நீ செய்யவேண்டியது ஒன்றுதான். சுவரில் முதுகை ஒட்டி வெறுங்காலோடு நின்று, ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவில் மேலே தள்ளிப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளந்து எழுது. தோள் எலும்பின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை எத்தனை சென்டிமீட்டர் என்றும் எழுது. தோழியை அளக்கச் சொல், தானே அளந்தால் தப்பாகும். அந்த இரண்டு எண்ணும் வந்த பிறகு கடைக்குப் போவோம்.

அன்புடன்,
மாமா